இரண்டு பதினேழாம் நம்பர்

செய்யாத தப்புக்காக ஒரு பெண்மணியை நாற்பது பேர் முன்னால் திட்டியவன் நான். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது என்பதெல்லாம் ஒரு சமாதானமே இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி. தி.நகரில் ஒரு மாடி அறைக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு டோக்கன் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்திருந்தேன். இரண்டு கவுன்டர், ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர். நம்பர் போடுவது முதலாவது. இரண்டாவது அதனிடம் கேட்டு வாங்கிக் கொடுக்கும். நடுவில் ஓடிய வயர் வழியாக இரண்டும் நொடிக்கொரு தரம் ‘இருக்கேன்’ என்று சொல்லிக்கொள்ளும். இரண்டு நொடி சத்தம் வராவிட்டால், முதலாவது செத்துவிட்டதென்று இரண்டாவது தானே நம்பர் போட ஆரம்பித்துவிடும்.

“ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும் டாக்டர். நிக்கவே நிக்காது” என்று அந்த இடத்தை நடத்திய டாக்டரம்மாவிடம் அளந்தேன். (வயர் மட்டும் போனால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.)

முதல் நாளே, நான் இரண்டு கவுன்டருக்கும் நடுவில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தபோது, பதினொரு மணிக்கு, ஸ்கேன் அறை வாசலில் இரண்டு பேர் பதினேழாம் நம்பர் சீட்டோடு நின்றார்கள். வயிற்று ஸ்கேன். இருவரும் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டிருந்தவர்கள்.

“நான் மந்தவெளிலேர்ந்தே அடக்கிண்டு வரேன்” என்றார் வேட்டி கட்டியவர்.

“நான் மட்டும் இன்னா, வேடிக்கை பாக்கவா வந்துகீறேன்?” என்றார் மற்றவர்.

பின்னால் இரண்டு பதினெட்டு, இரண்டு பத்தொன்பது.

எனக்குப் புரிந்துவிட்டது. வயர் சில நொடி விட்டுப்போயிருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டரும் உயிரோடுதான் இருந்தன; முதலாவது செத்துவிட்டதாக இரண்டாவது நம்பியதில், இரண்டும் தனித்தனியாக நம்பர் போட்டிருக்கின்றன. நிறுத்தி, மறுபடி ஓட விட்டேன். பத்தே நிமிடத்தில் மறுபடி அதே கூத்து.

பக்கத்தில் கன்னியம்மா துடைப்பத்தோடு நின்றிருந்தார். அங்கே கூட்டித் துடைப்பவர். என் அம்மா வயது.

“வயரை இழுத்தது நீதானே? அறிவில்ல?” என்று கத்தினேன். கூடத்தில் காத்திருந்த நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, “கன்னியம்மா, நீ நாளைலேர்ந்து வர வேண்டாம்” என்றார்.

கன்னியம்மா குரலை உயர்த்தவே இல்லை. “நா இன்னும் அந்தாண்ட போவவே இல்லம்மா. சார்தான் காலைலேர்ந்து வயர் மேல கால போட்டுக்கினு குந்தினுகீறார்.”

குனிந்து பார்த்தேன். என் ஷூவுக்கு அடியில் வயர். நான் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அது இழுபட்டிருக்கிறது.

டாக்டரம்மா என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தை. “கன்னியம்மா, நீ வேலையப் பாரு. சார், நீங்க பேப்பர்ல நம்பர் எழுதிக் குடுங்க.”

மதியம்வரை எழுதினேன். வேட்டிக்காரர் தாங்க முடியாமல் போய்விட்டு வந்து, மறுபடி ஒரு லிட்டர் குடிக்க உட்கார்ந்தார். மடக்குக்கு ஒரு தரம் என்னைப் பார்த்தார்.

கிளம்பும்போது மாடிப்படியில் கன்னியம்மாவை மறித்து, யாருக்கும் கேட்காதபடி “மன்னிச்சுக்குங்கம்மா” என்றேன். “சரி நைனா” என்று வாளியோடு இறங்கிப் போய்விட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். பதினேழாம் நம்பர்களுக்குச் சிரித்தவள், கடைசியில் சிரிப்பை நிறுத்தினாள். “திட்டினது நாப்பது பேர் முன்னாடி. மன்னிப்பு மட்டும் மாடிப்படிலயா?”

மனைவி சொல்லி, இந்தக் கதை இப்போது மகளுக்கும் தெரியும். வீட்டில் நான் யாரிடமாவது முணுமுணுப்பாக மன்னிப்புக் கேட்டால், என் மகள் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொல்கிறாள்: “சத்தமா சொல்லுங்கப்பா. இது மாடிப்படி இல்ல.”