தயங்காமல் கேட்கச் சொல்பவர்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. எதையும் கொடுக்க மாட்டார் என்று இவரைச் சொல்லிவிட முடியாது. எதையும் மறுக்கவும் மாட்டார். கேட்டால் போதும் என்பார். வாய் திறப்பதற்கு முன்னால் தயங்காமல் கேளுங்கள் என்பார், கேட்டுக்கொண்டிருக்கும்போது தெளிவாகக் கேளுங்கள் என்பார், கேட்டு முடித்ததும் இதை முறைப்படி அல்லவா கேட்டிருக்க வேண்டும் என்பார். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஆனால் இந்த ரகத்தை முழு வளர்ச்சியில் பார்க்க வேண்டுமானால், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக அரசு நடத்தும் உதவி மையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே போகும்படி உங்களுக்கு எதுவும் நேராமல் இருக்கட்டும்.

எங்களுக்கு நேர்ந்தது. என் அண்ணன் மின்விசிறி, மோட்டார் எல்லாம் பழுதுபார்ப்பவன். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்ணின் பையைப் பறித்துக்கொண்டு ஓடியவனைக் குறுக்கே போய் மறித்தான். அந்த ஆளிடம் கத்தி இருந்தது. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவனுடைய எட்டு வயது மகள். அன்றிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மனநல மருத்துவரை அரசே ஏற்பாடு செய்து தரும் என்று காவல் நிலையத்தில் சொன்னார்கள். அண்ணியும் நானும் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

"உட்காருங்கம்மா. உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க" என்றார் அதிகாரி.

எங்கள் வீட்டில் நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து முடுக்கி வைப்பதில்லை. பரவாயில்லை, உட்கார்ந்தோம். தலைக்கு மேலே ஒரு மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் கிறீச்சிட்டது. மேசைமேல் கண்ணீர் துடைக்கும் காகிதப் பெட்டி, மேலுறை பிரிக்காமல். அண்ணி கை நீட்டியதும் அவர் பதறிப்போனார்.

"அது பார்வைக்கு வெச்சிருக்கோம்மா. இந்தாங்க, இதுல துடைச்சுக்கோங்க" என்று வழவழப்பான துண்டுப் பிரசுரம் ஒன்றை நீட்டினார். வழவழப்பான தாள் கண்ணீரை உறிஞ்சாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு ஒரு மணி நேரம் விளக்கினார். நீதிமன்றத்துக்குத் துணைக்கு ஆள் வருவார், எதிரியின் முகத்தைப் பார்க்காமல் காத்திருக்கத் தனி அறை உண்டு, வீட்டுக்குப் புதுப் பூட்டு உண்டு, குற்றவாளி வெளியே வந்தால் முன்கூட்டியே தகவல் உண்டு. இத்தனையும் இருக்கும் ஊரிலா இத்தனை நாள் குடியிருந்தோம் என்று எனக்கே பெருமையாகிவிட்டது.

"சரி, உங்களுக்கு என்ன வேணும்? தயங்காம கேளுங்க."

"பாப்பாவுக்கு டாக்டர் வேணும் சார்" என்றாள் அண்ணி.

"கேட்டீங்களே, அதுவே சந்தோஷம். ஆனா நீங்க கேட்கக் கூடாதும்மா."

"பின்னே யாரு கேட்கறது?"

"பாதிக்கப்பட்டவங்கதான். அவங்க வாயால கேட்கணும். யாராவது மிரட்டி உதவி வாங்க வெச்சுட்டா?"

"அவ பேச மாட்டேங்கறா சார். அதுக்குத்தானே டாக்டர்!"

"நல்லாப் புரியுதும்மா. 'எனக்குப் பேச்சு வரலை'ன்னு பாப்பா ஒரே ஒரு வரி சொல்லிட்டா, இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடுவேன்."

நான் குறுக்கிட்டேன். "எழுதித் தரலாமா சார்?"

"எழுத்துமூலமா கேட்க பதினெட்டு வயசு ஆகணுமே!"

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணனின் படத்தைப் பார்த்து நிஜமாகவே கண் கலங்கினார், சொந்தக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். ஆறு முறை போனோம். ஆறு முறையும் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, "கேளு கண்ணு, தயங்காம கேளு" என்றார். மேலே விசிறி கிறீச்சிட்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து கோப்பில் எழுதினார்: 'மனுதாரர் வந்தார். கோரிக்கை எதுவும் இல்லை.'

ஏழாவது முறை, அவர் குனிந்துகொண்டிருக்கும்போது அது நடந்தது.

"அதுக்கு எண்ணெய் விடணும்" என்றாள் குழந்தை. "பேரிங் காஞ்சு போச்சு."

அண்ணன் சொல்வது போலவே, அதே அலுப்போடு. அண்ணி என் முழங்கையைப் பிடித்தாள். இன்னும் விடவில்லை போல எனக்கு இப்போதும் வலிக்கிறது.

அதிகாரி துள்ளி எழுந்தார். "பேசிட்டாங்க! ஏம்மா, பேசிட்டாங்க!" என்று பக்கத்து மேசைக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்து, ஆனந்தக் கண்ணீரோடு கோப்பில் எழுதினார்: 'மனுதாரர் தெளிவாகப் பேசினார். மருத்துவர் தேவையில்லை. விசிறி குறித்த கோரிக்கை பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பப்படுகிறது.'

"சார், ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கறா. என் கையை விட மாட்டேங்கறா" என்றாள் அண்ணி.

"மேல்முறையீடு பண்ணலாமேம்மா! இனிமே ஆறு மாசம் தொடர்ந்து பேசாம இருந்தாங்கன்னா புதுசா மனு எடுத்துக்குவோம். எதுவா இருந்தாலும் தயங்காம..."

முழுதாகக் கேட்காமல் வெளியே வந்துவிட்டோம். பஸ்ஸில் குழந்தை மெதுவாக, "பசிக்குதும்மா" என்றாள். அண்ணியும் நானும் முதலில் செய்தது என்ன தெரியுமா? மையத்து ஆள் யாராவது காதில் வாங்கியிருப்பாரோ என்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்ததுதான்.

அடுத்த வாரம் விசிறிக்கு எண்ணெய் விட்டுவிட்டார்கள் என்று கேள்வி. முறைப்படி வாயால் கேட்டதாயிற்றே.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அண்ணனைக் கொண்டுபோன அன்று எங்கள் வீட்டுக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். சமையலறையில் அடுப்பு அணைந்தே கிடந்தது, குழந்தை காலையிலிருந்து அதே கறைபட்ட சட்டையோடு மூலையில் இருந்தாள். இரண்டும் எல்லாருக்கும் தெரிந்தன. எல்லாரும் அண்ணியின் கையைப் பிடித்து, "எதுவா இருந்தாலும் தயங்காம ஒரு போன் போடும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

நீங்களும் எங்கேயோ ஒரு வீட்டில் அப்படிச் சொல்லியிருப்பீர்கள். சற்று நினைவுபடுத்திப் பாருங்கள்: சொல்லும்போது உங்கள் ஒரு கால் செருப்புக்குள் போயிருந்ததா, இல்லையா?