உறுதி அண்ணையும் என் இரண்டாவது வீடும்

ரொறன்ரோவில் வீடு வாங்க வருகிறவனை வாங்கவிடாமல் துரத்துவதில் உறுதி அண்ணையை மிஞ்ச ஆளில்லை. மில்லிக்கன் பிளாசா ஒன்றில், ஒரு லோயரின் ஒபிஸில் வீட்டு உறுதிப் பத்திரங்களில் வில்லங்கம் பார்ப்பது அவர் வேலை. அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

இலவசக் கருத்தரங்கொன்றுக்கு ரோல்ஸ் சாப்பிடப் போன நான், திரும்பி வரும்போது ‘இன்வெஸ்டர்’ ஆகியிருந்தேன். மோர்னிங்சைட்டில் குடியிருக்கிற வீட்டை ஈடு வைத்து, அஜக்ஸில் ஒரு வீடு வாங்கி, பெயின்ற் அடித்து உடனே விற்பதாகத் திட்டம். இன்வெஸ்டர்களுக்கு வேலை செய்கிற லோயர் ஒபிஸ் தேடினேன். “இதுவரை எத்தனை வீடு வாங்கியிருக்கிறீங்கள்?” என்று கேட்டே நாலு ஒபிஸ்காரர் போனை வைத்தார்கள். உறுதி அண்ணை மட்டும் வரச் சொன்னார்.

“வீட்டைப் போய்ப் பாத்தனீரோ?”

“படம் பாத்தனான் அண்ணை.”

“பொம்பிளையும் படத்திலை பாத்தே கட்டினனீர்?”

உண்மையில் அப்படித்தான் கட்டினேன். சொல்லவில்லை.

“இருக்கிற வீட்டை ஈடு வைக்க மனிசியும் கையெழுத்து வைக்கவேணும். கூட்டிக்கொண்டு வாரும்.”

மனைவிக்கு விசயமே தெரியாது. அவளுக்குக் காய்ச்சல் என்றேன். மனுசன் சுகம் விசாரிக்க வீட்டுக்குப் போன் எடுத்துவிட்டார். பதினைந்தாவது நிமிடம் மனைவி ஒபிஸில் நின்றாள், காய்ச்சல் எனக்கு வந்தது.

அண்ணை அதோடு விடவில்லை. மாப்பிள்ளை விசாரிப்பது போல அஜக்ஸுக்குப் போய், அந்த வீட்டின் இரண்டு பக்கத்து அயலட்டையிலும் கதவு தட்டியிருக்கிறார்.

“கொம்பியூட்டரிலை உறுதி சுத்தம். ஆனா பேஸ்மென்ற் கட்டினவன் கூலி கேட்டு வாசலிலை நிண்டு கத்தினவனாம். ரெண்டு நாள் பொறும்.”

“அண்ணை, நான் வேறை ஒபிஸ் பாக்கிறன்!” என்று கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். எந்த ஒபிஸுக்குப் போனாலும் மனைவி கையெழுத்துப் போட மாட்டாள் என்பது காருக்குள் வைத்துத்தான் விளங்கியது.

மூன்றாம் நாள் அண்ணை போன் எடுத்தார். கட்டினவர் தன் கூலிக்காக அந்த வீட்டின் மேல் உரிமை பதிந்துவிட்டாராம். அவசரப்பட்டிருந்தால் வழக்கோடு வீட்டை வாங்கி, இருந்த வீட்டையும் இழந்திருப்பேன்.

“உம்மட வீட்டு உறுதியையும் பாத்தனான். ஒரு குறையும் இல்லை. பிள்ளையளோடை சந்தோசமா இரும்,” என்றார்.

அன்றைக்கு நன்றி சொல்ல ரோசம் விடவில்லை. இப்போது பிள்ளைகள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கும்போதெல்லாம், அந்த மனுசன் நூறு வயது இருக்கவேண்டும் என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.