வாயை மூடும் பாடம்

முட்டிவலியை ஜெயித்தாள். மெட்ரோ படிக்கட்டை ஜெயித்தாள். "இந்த வயசுல படிச்சு யாரைக் காப்பாத்தப் போறே?" என்று கேட்ட மாமியாரையும், அதற்கு ஒத்து ஊதிய இரண்டு நாத்தனார்களையும், பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையையும், பூஜைக் கூட்டத்தில் நகர மறுத்த பஸ்ஸையும் ஒன்றன்பின் ஒன்றாக ஜெயித்தாள். வங்காளி எழுத்தில் கூட்டெழுத்து என்று ஒன்று இருக்கிறது. மூன்று எழுத்துகள் ஒன்றின் மடியில் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டு எது யார் என்று சொல்ல மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதையும் ஜெயித்தாள். கல்லூரியில் சேர்ந்த புதிதில் "ஆன்ட்டி, பெற்றோர் உட்காரும் இடம் வெளியில்" என்று வழிகாட்டிய இருபது வயதுப் பிள்ளைகள், இப்போது பரீட்சைக்கு முன்னால் "வித்யாதி, வித்யாதி" என்று அக்கா முறை வைத்துச் சுற்றி வருகிறார்கள்.

ஜெயிக்காதது ஒன்றுதான். தன் வாய்.

வாசகரே, பகுதிநேர மாணவர் என்றோர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. காலையில் குக்கர் வைப்பார், மத்தியானம் ஆபீஸ் போவார், சாயங்காலம் கல்லூரிக்குப் போவார், வீட்டுக்குத் திரும்பும்போது தாம் படித்ததை உங்கள்மேல் பிரயோகிப்பார். சட்டம் படிக்கிறவர் பால்காரரிடம் வழக்காடுவார். மனோதத்துவம் படிக்கிறவர் உங்கள் தும்மலுக்குக் காரணம் தேடுவார். இவர்களையெல்லாம்கூடத் தாங்கிவிடலாம். இளைஞர் நலமும் சமூகப் பணியும் படிக்கிறவர் இருக்கிறாரே, அவர் வீட்டில் வாழ்வதற்குத் தனியாக ஒரு பட்டம் கொடுக்க வேண்டும்.

அந்த வீட்டில் சண்டை கிடையாது, 'கருத்து வேறுபாடு'தான். குடும்பம் கிடையாது, 'குழு'தான். ராத்திரிக்கு என்ன சமைப்பது என்பதற்கு ஃபிரிஜ் கதவில் சார்ட் பேப்பர் ஒட்டப்படும். ஆளுக்கு ஒரு ஸ்கெட்ச் பேனா தரப்படும். "முடிவை யாரும் திணிக்கப்படாது, எல்லாரும் சேர்ந்து எடுக்கணும்" என்று அறிவிக்கப்படும். மூன்று பேர் உருளைக்கிழங்கு என்று எழுதுவார்கள். பிறகு விவாதம். பிறகு இடைவேளை. கடைசியில் பூரண ஜனநாயக முறைப்படி வெண்டைக்காய்.

இந்த இனத்தின் சிறந்த மாதிரிதான் வங்காளத்தில் குடியிருக்கும் டாலிகஞ்சு வித்யாலக்ஷ்மி. நாற்பத்தைந்து வயது. கணவர் ஹரிஷங்கர் வங்கி அதிகாரி. அவளால் ஓர் இளநீர்கூடச் சும்மா குடிக்க முடியாது. இளநீர் வெட்டுகிறவன் இருபத்தைந்துக்குக் கீழே இருந்தால் முடிந்தது. வழுக்கையைச் சுரண்டுவதற்குள் அவன் கனவு என்ன, தடை என்ன, வீட்டில் யார் புரிந்துகொள்வதில்லை என்பதெல்லாம் விசாரிக்கப்பட்டுவிடும்.

அவளுக்கு ஓர் அக்கா. பாகீரதி. பக்கத்துத் தெருவிலேயே ஜாகை. பத்தாவதோடு படிப்பு நின்றது, கறார் நிற்கவில்லை. அவரைக்காய் நறுக்கினால் அளவெடுத்தாற்போல் இருக்கும். அப்பளம் காய வைத்தால் வரிசை கோணாது. தங்கை படிக்கிறாள் என்பது லேக் மார்க்கெட் பூக்காரர் முதல் கோவில் குருக்கள் வரை பாகீரதியால் தெரிவிக்கப்பட்ட செய்தி. தங்கை பாஸ் செய்துவிட்டாள் என்பதும், கொஞ்சம் முன்கூட்டியே, தெரிவிக்கப்பட்ட செய்தி. வித்யா கல்லூரியில் இங்கிலீஷிலும் வங்காளியிலும் கேட்டதை அக்காவிடம் வந்து தமிழில் ஒப்பிப்பாள். அக்கா காய் நறுக்கிக்கொண்டே அதை மனப்பாடம் செய்து, மறுநாள் தங்கையையே ஒப்பிக்கச் சொல்லிப் பரீட்சை வைப்பாள்.

"மொதல் பாடம் என்னடி?"

"இளைஞர்கள்ட்ட கேக்கணும்."

"ரெண்டாவது?"

"பொறுமையாக் கேக்கணும்."

"மூணாவது?"

"திரும்பத் திரும்பக் கேக்கணும்."

"பேஷ். இதுல என்ன கஷ்டம்? நம்மாத்துல எல்லாருமே டிகிரி வாங்கியிருக்கலாமே!"

களப்பணி வந்தது. சினிமா ஸ்டூடியோவுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தில் ஒரு கிளப், கிளப்பில் ஒரு கேரம் போர்டு, அதைச் சுற்றி ஏழெட்டு பையன்கள். அவர்களை ஒரு குழுவாகத் திரட்ட வேண்டும். அவர்களாகவே ஒன்றைப் பேசி, அவர்களாகவே ஒரு முடிவு எடுக்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

வித்யா போனாள். கேட்டாள். என்ன படிக்கிறாய், ஏன் நிறுத்தினாய், அப்பா என்ன செய்கிறார், குடிப்பாரா, நீ குடிப்பாயா, எதிர்காலம் என்றதும் உன் மனத்தில் எழும் படம் என்ன? பொறுமையாகக் கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். கிளப்பின் தலைவன் புபாய் என்கிற தாடிக்காரப் பையன் ஸ்டிரைக்கரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். "ஆஷ்சி, மாஷி" என்றான், அதாவது 'வரேன், சித்தி'. வங்காளியில் 'வரேன்' என்றால் 'போறேன்' என்று அர்த்தம். இதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் வரேன் என்று சொல்லிப் போனார்கள். அடுத்த வாரம் கிளப்பில் வித்யாவும் கேரம் போர்டும் மட்டும் இருந்தார்கள்.

மேற்பார்வை ஆசிரியை சுதேஷ்ணாதி கூப்பிட்டு வைத்து ஒரு மணி நேரம் பேசினாள். வித்யா நேராக அக்கா வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

"என்னடி ஆச்சு? கேட்டேன்னு சொன்னியோ?"

"சொன்னேன். 'உன்னை யார் கேக்கச் சொன்னா? நான் கேக்கன்னா சொன்னேன்'கறா."

"பின்னே எதுக்குக் கேக்கச் சொன்னாளாம்?"

"அவ கேக்கச் சொல்லலையாம் அக்கா. கேக்கச் சொன்னாளாம்."

பாகீரதி அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். "வெயில்ல அலைஞ்சியா? கொஞ்சம் மோர் குடி."

"ஐயோ, ஜிகேஷ் பண்ணாதே, ஷோனோங்கறா. வங்காளியில அது வேற, இது வேற. நம்ம பாஷையிலதான் ரெண்டும் ஒண்ணு! அவா பேசுவா, நான் காதால கேக்கணுமாம். வாயால இல்லை."

மோர்ச் செம்பை எடுத்த பாகீரதி அதைத் திரும்பக் கீழே வைத்தாள். "காதாலயா? சும்மாவா? நடுவுல ஒண்ணுமே சொல்லாமயா?" அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. அவர்கள் வம்சத்தில் அப்படி யாரும் செய்ததில்லை.

போன வருஷமே ஒரு தடவை இதே களப்பணியில் கோட்டைவிட்டாயிற்று. இனி இன்னொரு தடவை கிடையாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சுதேஷ்ணாதி நேரில் வருவாள்; பையன்கள் வந்து பேசினால் பாஸ், வராவிட்டால் மூன்று வருஷப் படிப்பும் ஆற்றில் கரைத்த புளி.

ஒத்திகை வீட்டில் நடந்தது. பயிற்சிப் பொருள் ஹரிஷங்கர். "மாப்பிள்ளை, நீங்க ஏதாவது பேசுங்கோ. இவ கேப்பா. காதால" என்று உத்தரவிட்டாள் பாகீரதி. ஹரிஷங்கர் சந்தேகத்தோடு தொடங்கினார். வாயுத் தொல்லை பற்றிச் சொன்னார். மனைவி குறுக்கே பெருங்காயம் என்று சொல்லவில்லை. அவருக்குத் தைரியம் வந்தது. மானேஜரைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதில் தபேலா கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதைச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிறுத்தவே இல்லை. மறுநாள் வங்கியிலிருந்து மத்தியானமே வந்து, "இன்னிக்கும் ஒத்திகை உண்டா?" என்றார்.

வித்யா சொல்லாமல் கொள்ளாமல் கிளப்புக்குப் போய், கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்களிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை வாங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." யாரும் நம்பவில்லை. அதனால்தான் எல்லாரும் வந்தார்கள். மாஷி எத்தனை நிமிஷம் தாக்குப்பிடிப்பாள் என்று அவர்களுக்குள் பந்தயம்.

சுதேஷ்ணாதி மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில். பாகீரதி வாசற்படியில், மடியில் ஒரு தூக்கு சுண்டலோடு. வித்யா நடுவில். மின்விசிறி கடகடத்தது. யாரும் பேசவில்லை. வித்யா உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். புபாய் சிரித்தான், சிரிப்பை நிறுத்தினான், தலையைச் சொறிந்தான். மௌனம் இருக்கிறதே, அது கடன்காரன் மாதிரி. யாராவது எழுந்து பதில் சொல்கிற வரையில் வாசலை விட்டு நகராது.

"எனக்குக் கேரம் ஆடணும்."

சொன்னவள் பிரியங்கா, புபாயின் தங்கை. உள்ளே வராமல் தோழிகளோடு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள்.

"பொண்ணுங்க கிளப்புக்கு வர மாட்டாங்க" என்றான் புபாய்.

"வர மாட்டோம் இல்ல அண்ணா, நீங்க விட மாட்டீங்க."

"தெருவுல என்ன பேசுவாங்க?"

"நீ தோத்துட்டேன்னு பேசுவாங்க. வீட்டுல படுக்கை மேல போர்டை வெச்சு ஆடினப்பவே தோத்தியே!"

பையன்கள் ஹோ என்று கத்தினார்கள். புபாய் சிவந்து போய் எழுந்தான். ஒருவன் பெண்கள் பக்கம் பேசினான், இன்னொருவன் அவன் சட்டையைப் பிடித்தான். வித்யாவின் வாயில் பெண் கல்வி, சம உரிமை, கோபத்தைக் கையாளும் ஐந்து வழிகள் எல்லாம் முட்டிமோதி வரிசையில் நின்றன. விழுங்கினாள். வாசலில் பாகீரதிக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, அந்தப் பொண்ணுக்காக ஒரு வார்த்தை சொல்..." என்று பாதி எழுந்தாள். வித்யா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அக்காதான் தங்கையை அப்படிப் பார்ப்பது வழக்கம். பாகீரதி ஒரு பிடி சுண்டலை எடுத்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

சட்டையைப் பிடித்தவன் தானாகவே விட்டான். பேச்சு மறுபடி ஆரம்பித்தது. புதனும் சனியும் சாயங்காலம் பெண்களுக்கு. போர்டில் தூவுகிற பவுடரை ஆடுகிறவர்களே கொண்டுவர வேண்டும். புபாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பேஸ்லைன் பின்னாடி இருக்கிற காயை எப்படி அடிக்கறதுன்னு நான் சொல்லித் தரேன், உனக்கு அது வராது" என்றான். அது அவன் சம்மதம்.

சுதேஷ்ணாதி எழுந்து வந்தாள். "வித்யா, இன்னிக்கு நீ ஒண்ணுமே செய்யலை" என்றாள். பாகீரதி தூக்கை மூடிக்கொண்டு கிளம்ப எழுந்தாள். "பாஸ்."

பிரியங்கா உள்ளே வந்து, பையன்கள் புள்ளி எழுதும் சுவரில் சாக்குக்கட்டியால் தன் பெயரை எழுதினாள். தோழிகள் எழுதினார்கள். "மாஷி, நீங்களும்" என்று கட்டியை நீட்டினாள். வித்யாலக்ஷ்மி தயங்கினாள். வீட்டில் எல்லாக் காகிதத்திலும் அவள் கையெழுத்து 'மிஸஸ் ஹரிஷங்கர்'தான். கல்லூரியிலோ விரலை வைத்தால் போதும், இயந்திரம் பார்த்துக்கொள்ளும். முழுப் பெயரை வங்காளியில் எழுதினாள், கூட்டெழுத்து பிசகாமல். புபாய் வாய்விட்டுப் படித்தான். "பித்யாலொக்கி!" வங்காளி நாக்கில் லக்ஷ்மி லொக்கியாகிவிடுவாள்; வாய் பேசாமல் சமர்த்தாக இருக்கும் குழந்தைக்கும் அங்கே லொக்கி என்றுதான் பெயர். "இன்னிக்கு மட்டும் மாஷி நிஜமாவே லொக்கி" என்றான். சந்தே சிரித்தது. பாகீரதி எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தாள், ஆளுக்கு ஒரே அளவு.

வாசகரே, சிரித்தது போதும். அந்தச் சண்டை நடந்தபோது, 'இந்த இடத்தில் வித்யா இப்படிச் சொல்லியிருக்கலாம்' என்று உங்களுக்கும் ஒன்று தோன்றியதல்லவா? ஹரிஷங்கருக்கு ஓமத் தண்ணீர் என்று நாக்கு நுனி வரை வந்ததல்லவா? அப்படியானால் நீங்களும் இந்த இனம்தான். இன்னும் கல்லூரியில் சேரவில்லை, அவ்வளவே. சேருங்கள். வயது தடையில்லை, முட்டி தடையில்லை. டாலிகஞ்சுச் சந்தின் கிளப்புச் சுவரில் வித்யாலக்ஷ்மி முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட இடத்தைப் பாகீரதியே உங்களைக் கூட்டிப் போய்க் காட்டுவாள். கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லாவிட்டால் செல்லாது என்று தங்கையை மறுபடி கட்டியைப் பிடிக்க வைத்தவள் அவள்தான்: 11 ஆகஸ்ட் 2024, ஞாயிற்றுக்கிழமை.