பெண் பார்க்க வந்தவரோடு ஒரு ரவுண்டு

நாற்பதை நெருங்கும் ஒருவனிடம் குடும்பப் பொறுப்பை ஒப்படைக்கும் முன், சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அவன் எங்கே போவான் என்று விசாரித்துக்கொள்வது நல்லது. நான் தாம்பரத்தில் ஒரு வீடியோ கேம் கடைக்குப் போவேன். இது தெரிந்திருந்தும் என் அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை நம்பினார். அது அவருடைய தவறு. மற்றதெல்லாம் என்னுடையது.

தங்கை ஷாலினிக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் ஸ்டீபன். வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிட்டுப் பெண்ணை உற்றுப் பார்க்கும் ஏற்பாடெல்லாம் ஷாலினிக்கு ஆகாது. "பேசிப் பார்க்கணும். அதுக்கப்புறம்தான் பதில்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே சர்ச் முடிந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மாலில் சந்திப்பது என்று முடிவானது. இரண்டு அம்மாக்களும் கீழே துணிக்கடையில் இருப்பார்கள். மேல்மாடிக் காபிக் கடையில் அவர்கள் இருவரும் பேசுவார்கள். அப்பாவுக்கு முட்டி வலி. அதனால் காவலுக்கு நான்.

"தள்ளி உக்காரு. நடுவுல போய் வாயைத் திறக்காதே" என்றார் அம்மா.

தள்ளித்தான் உட்கார்ந்தேன். ரொம்பவே தள்ளி. காபிக் கடைக்கு எதிரே விளையாட்டுக் கூடம் ஒன்று இருந்தது. கார் ஓட்டுவது, துப்பாக்கி சுடுவது என்று புதுப்புது இயந்திரங்கள். அவற்றுக்குப் பின்னால், தூணோரமாக, அது நின்றுகொண்டிருந்தது. என் பழைய சண்டை விளையாட்டு. (சத்தியமா, நான் தேடிப் போகலை. அதுதான் என்னைப் பார்த்துச்சு.)

அதன் ருசி தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திரையில் இரண்டு பேர், தட்டையாக, பக்கவாட்டில் நிற்பார்கள். முன்னால் போகலாம், பின்னால் வரலாம், குதிக்கலாம், குனியலாம். அவ்வளவுதான். ஒளிய இடமில்லை. அதனால் சண்டை முழுக்க எதிராளியின் மண்டைக்குள் நடக்கும். அவன் குதிப்பான் என்று நான் நினைக்கிறேன். நான் அப்படி நினைப்பேன் என்று அவனுக்கும் தெரியும். ஆகவே அவன் குதிக்க மாட்டான். ஒரு குத்து விடுவதற்குள் இத்தனை யோசனை. என் வாழ்க்கையில் வேறு எந்த வேலைக்கும் நான் இவ்வளவு யோசித்ததில்லை.

விளையாடத் தொடங்கினேன். குத்து விழும் அந்தப் பழைய "டிஷ்" சத்தம் எதிர்க்கடைவரை கேட்டிருக்க வேண்டும். திரும்பினால் ஸ்டீபன் ஷாலினியிடம் தலையாட்டிக்கொண்டே இயந்திரத்தை எட்டிப் பார்க்கிறார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நம்ம ஆள்!

அங்கேதான் என் புத்தி கெட்டது. கையைத் தூக்கி, "ஸ்டீபன், ஒரு ரவுண்டு?" என்றேன்.

அவர் தயங்கினார். ஷாலினியைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே, "பரவால்ல, ஒண்ணு ஆடிட்டு வாங்க" என்றாள். நல்ல பெண்.

நான் மொட்டைத்தலைப் பயில்வானை எடுத்தேன். அவர் ஒல்லியான கராத்தேக்காரனை எடுத்தார். முதல் ஆட்டம் எனக்கு. "அண்ணா, இன்னொண்ணு" என்றார். அடுத்தது அவருக்கு. தங்கையைக் கட்டப் போகிறவரிடம் சமனில் விட்டால் குடும்பத்துக்கு என்ன மரியாதை? மறுபடி ஆடினோம். சட்டைக் கைகளைச் சுருட்டிக்கொண்டோம்.

இதற்குள் அவரை நான் முழுக்கப் புரிந்துகொண்டுவிட்டேன். என் ஆள் விழுந்தால், அவன் எழுந்திருக்கும்வரை தள்ளி நிற்பார். என்னை மூலையில் மடக்கி ஒரே உதையைத் திரும்பத் திரும்ப உதைக்க வழி கிடைத்தது. ஒரு முறை செய்துவிட்டு, "இது போங்கு ஆட்டம்" என்று அவரே விட்டுவிட்டார். தோற்றால் பொத்தானைக் குறை சொல்லாமல் வாய்விட்டுச் சிரித்தார். பொறுமை, நியாயம், நல்ல சிரிப்பு. ஷாலினிக்கு இவரைவிட்டால் ஆள் கிடையாது என்று முடிவே செய்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு ஆட்டம் ஆடினேன்.

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்து என் தோளைத் தட்டினாள்.

"அண்ணா, எதிர்க்கடையில ஒரு அக்கா ரொம்ப நேரமா உங்களையே பாத்துகினு தனியா குந்தினு இருந்தாங்க. இப்போ எழுந்து போய்ட்டாங்க. உங்க கூட வந்தவங்களா?"

மேசையில் இரண்டு கோப்பைகள். ஒன்று காலி. இன்னொன்றில் ஆடை படிந்திருந்தது. என் போனில் ஷாலினியின் செய்தி: "ஷேர் ஆட்டோல வீட்டுக்குப் போறேன். நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க."

ஸ்டீபனின் முகம் வெளிறிப்போனது. ஓடினார். நானும் ஓடினேன். பதற்றத்தில் மேலே ஏறிவரும் எஸ்கலேட்டரில் இருவரும் கீழே இறங்கினோம். எவ்வளவு ஓடினாலும் அதே இடத்தில் இருந்தோம். அப்போது கீழிருந்து, கை நிறையப் பைகளுடன், இரண்டு அம்மாக்களும் அதே எஸ்கலேட்டரில் எங்களை நோக்கி மெதுவாக உயர்ந்து வந்தார்கள்.

"பொண்ணு எங்கப்பா?" என்றார் ஸ்டீபனின் அம்மா.

என் மூளையில் அப்போது இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டேன்.

"ட்ரா ஆயிடுச்சு ஆண்ட்டி."

பைகளை என் கையில் திணித்து, அம்மா என்னைச் சிட்லபாக்கத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார். வீட்டில் ஷாலினி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாக இருந்தாள்.

"அவர் ரொம்ப நல்லவர் ஷாலு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

விழுந்தவனை அடிக்காததைச் சொன்னேன். போங்கு ஆட்டத்தை விட்டதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"எல்லாத்தையும் நீ பார்த்துட்டே. நான் பார்த்தது அவர் முதுகு மட்டும்தான். கல்யாணத்துக்கு அப்புறமும் அப்பா அம்மா பக்கத்துலதான் இருப்பேன்னு சொல்ல ஆரம்பிச்சேன். பாதி வாக்கியத்துல நீ கூப்பிட்டே. அவர் காது உன் பக்கம் போயிடுச்சு."

"என் தப்புதான். நான் வேணா அவங்க வீட்டுல பேசறேன்."

"உன் தப்புதான். அதனால அவர் தப்பு இல்லாம போயிடுமா?"

அவள் மடித்து வைத்த துணிகளைக் கொண்டுபோய் அலமாரியில் அடுக்கினேன்.

மறுநாள் ஸ்டீபன் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவளும் மரியாதையாகப் பேசினாள். ஆனால் வேண்டாம் என்றுவிட்டாள். சில நாள் கழித்து எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "அண்ணா, அன்னிக்கு நான் எழுந்து வந்திருக்கக் கூடாது." நான் கூப்பிட்டிருக்கக் கூடாது என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். அனுப்பவேயில்லை. அனுப்பியிருக்கலாம்.

பிறகு ஷாலினி தன்னோடு வேலை பார்த்த பிரேமைக் கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். பிரேம் தங்கமான மனிதர். அவள் பேசும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். இருந்தாலும், நல்ல மனிதர் ஒருவரை அவள் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டு நின்றது என் முதுகும்தானே என்று அவ்வப்போது தோன்றும்.

போன கிறிஸ்துமஸுக்கு பிரேமின் நண்பர்கள் வந்திருந்தார்கள். என்னை அறிமுகப்படுத்தும் உரிமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

"இவர்தான் என் மச்சான். ஷாலுவைப் பார்க்க ஒரு மாப்பிள்ளை வந்தார். இவருக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப்போச்சு, அவருக்கும் இவரைப் பிடிச்சுப்போச்சு. பொண்ணுக்குத்தான் இடமில்லாம போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ஷாலினிதான் அதிகம் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, கேக் எடுத்து வரும் சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டேன்.