டாஷ்போர்டுக்குள் போன பிஸ்கட்

சிவப்பு விளக்கில் காரை நிறுத்திய மர்லீன், பக்கத்து சீட்டிலிருந்த பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்தாள். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே விரித்திருந்த துண்டுத் துணி மட்டும் இருந்தது. பிஸ்கட்டைக் காணோம்.

பிஸ்கட் அவள் வளர்க்கும் சோளப்பாம்பு. ஜார்ஜியா பக்கம் புதரெல்லாம் திரிகிற, விஷமில்லாத ஜாதி. கண்மேல் பழைய தோல் உரியாமல் ஒட்டிக்கொண்டதென்று டாக்டரிடம் கிளம்பியிருந்தாள்.

டாஷ்போர்டுக்கு அடியில் ஆரஞ்சு வால் ஒன்று நெளிந்து மறைந்தது.

"சூடு பட்டா வெளிய வந்துடுவான்" என்று, ஜூலை வெயிலில் ஹீட்டரைப் போட்டாள். வியர்வைதான் வந்தது. பாம்பு இன்னும் உள்ளே போனது.

அடுத்த திருப்பத்தில் டெல்பர்ட்டின் மெக்கானிக் ஷெட்.

"வண்டியில என்ன சத்தம்?" என்றார் அவர்.

"சத்தமில்ல. பாம்பு."

டெல்பர்ட் ஸ்பானரைக் கீழே வைத்தார். "கடிக்குமா?"

"சேச்சே, குழந்தை மாதிரி."

"எங்க வீட்டுக் குழந்தைங்க கடிக்கும்மா!"

ஆனாலும் நல்ல மனுஷன். ரேடியோவைக் கழற்றினார். ஏதோ ஒயர் உரசி, ஹாரன் விடாமல் அலறியது.

"நிறுத்துங்க! அவன் பயந்துடுவான்!"

"நான் பயந்து ரொம்ப நேரமாச்சு!"

ஒயரைப் பிடுங்கினார். ஹாரன் நின்றது. பிரேக் கம்பியில் சுற்றிக்கொண்டு பாம்பு தலை காட்டியது. டெல்பர்ட் நீளமான இடுக்கியை எடுத்தார்.

"அதைக் கீழ போடுங்க! தலையைப் பிடிச்சா நொறுங்கிடும்!"

மர்லீன் மல்லாந்து ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைந்தாள். பக்கவாட்டில் மெல்லக் கையை நீட்டினாள். பாம்பு சடாரென்று கடித்தது. அவள் கையை உதறவில்லை.

"கோவமா கண்ணு? தப்பு என்மேலதான்."

இழுக்கவும் இல்லை. அது தானாக விடும்வரை பொறுத்திருந்து, வால் பக்கமிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, வயிற்றுக்கு அடியில் இன்னொரு கையைக் கொடுத்தாள். பாம்பு ஒரு கையிலிருந்து மறு கைக்கு வழிந்து, கடைசியில் அவள் மணிக்கட்டைச் சுற்றி அடங்கியது.

டயர் அடுக்கின் மேல் ஏறி நின்றிருந்த டெல்பர்ட் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார். "நான் பட்டாளத்துல இருந்தவன்மா. இப்படி ஒரு நிதானத்தை அங்ககூடப் பாத்ததில்ல."

"நிதானமெல்லாம் இல்லண்ணே. நம்ம கையில வளந்த புள்ள. என்னை அவனுக்குத் தெரியும், அவனை எனக்குத் தெரியும்."

அவளுடைய போன் அடித்தது. இரண்டு கையிலும் பாம்பு. டெல்பர்ட்டே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

மறுமுனையில் அவள் கணவன் கார்வின். "மர்லீன்! டாக்டர்கிட்ட போறேன்னு வெறும் பெட்டியத் தூக்கிட்டுப் போயிருக்கியே, பிஸ்கட் இங்க மைக்ரோவேவ் மேல படுத்துக்கிட்டு என்னையே முறைக்கிறான்!"