நான் தினமும் அடிப்பது குறித்து ஒரு விளக்கம்

பேட்டை,
திருநெல்வேலி.
கார்த்திகை மாதம், 1996.

ராதாபுரம் பாபநாசம் அண்ணாச்சி அவர்களுக்கு, பேட்டை சங்கிலிபூதத்தான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி முப்பிடாதியும் மகள் சித்ரலேகாவும் சுகமாக இருக்கிறோம். ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகிறது. அங்கே உங்கள் கிணற்றிலும் இந்த வருடமாவது ஊறியிருக்கும் என்று நம்புகிறேன். மதினி அவர்களையும் உங்கள் மகன் தம்பி சங்கரையும் நான் விசாரித்ததாகச் சொல்லவும். மேலே ‘அண்ணாச்சி’ என்று இருக்கும் இடத்தில் முதலில் ‘சம்பந்தி’ என்று எழுதியிருந்தேன். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லையே என்று சித்ரா சொன்னதால் அடித்துவிட்டேன். அடித்தது பின்பக்கம் தெரிந்தால் மன்னிக்கவும். பேனாவால்தான் அடித்தேன். மற்றபடி நான் யாரையும் அடித்தது கிடையாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை நானே என் கையால் எழுதுகிறேன். போன வருடம் வரை எனக்குக் கைநாட்டுத்தான். எங்கள் தெருவுக்கு அறிவொளி வகுப்பு வந்தது. இப்போது பஸ் போர்டு, சுவர் விளம்பரம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் வாசிக்கிறேன். டாக்டர் எழுதும் சீட்டு மட்டும் பிடிபடவில்லை. அதை டாக்டருக்கே வாசிக்கத் தெரியாது என்று சித்ரா சொல்கிறாள். எழுத உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் ஓடும். ‘ழ’ வந்துவிட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, அழகாக இருக்கிறதா என்று தள்ளி வைத்துப் பார்ப்பேன். ஜங்ஷனில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் சித்ரா, தானே எழுதித் தருகிறேன் என்றாள். நான் விடவில்லை. “சரி, அப்படின்னா ‘அடி’ன்னு மட்டும் எழுதாதீங்கப்பா. ‘தட்டச்சு’ன்னு எழுதுங்க” என்றாள். எழுதிப் பார்த்தேன். நல்ல சொல்தான். ஆனால் பேட்டையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. டைப் அடிக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஆள் பழகியபிறகு ‘டைப்’பையும் விட்டுவிட்டு வெறுமனே அடிக்கிறது என்பார்கள். வம்பு முழுவதும் அங்கேதான் தொடங்கியது.

உங்கள் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் வரவில்லை என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் பாளையங்கோட்டையில் வக்கீல் சிவசங்கரன் ஐயா ஆபீசில் தண்ணீர் வைப்பது, காபி வாங்குவது, கேஸ் கட்டுகளைக் கோர்ட்டுக்குத் தூக்கிப் போவது என்று காலம் முழுவதும் இருந்தவன். அங்கே டைப் அடித்தவர்கள் நாகலக்ஷ்மியம்மா. முதலில் இருந்தது கைமெஷின். அதில் அடிப்பவருடைய கோபதாபம் எல்லாம் வெளியே கேட்கும். வீட்டில் மாமியாரோடு சண்டை என்றால் அன்றைக்குக் காகிதத்தில் ஓட்டை விழும். பிறகு ஐயா ஒரு கரண்டு மெஷின் வாங்கினார். அண்ணாச்சி, அதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். வயிறு நிறைந்து படுத்த எருமை அப்படித்தான் மூச்சு விடும். அம்மா விரலை வைத்தால் தகரக் கூரையில் மழை பிடித்ததுபோல் தடதடவென்று ஓடும். இடி கிடையாது, மின்னல் கிடையாது, வெறும் மழை. வரி முடிந்தால் ‘சர்ர்ர்… டக்’. மறுபடியும் மழை. உயில் என்றால் நிதானமான மழை, வக்கீல் நோட்டீஸ் என்றால் சாய்ந்து அடிக்கிற மழை. நான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். கட்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு, அழுதுகொண்டு வருவார்கள். என் பக்கத்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அழுகை நின்று கொட்டாவி வந்துவிடும். சொத்து போனவர்களே தூங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கோழி தவிட்டைக் கொத்துவதுபோல் ஒரு சத்தம். அது முடிந்ததும் பிரிண்டர் என்று ஒன்று பல்வலிக்காரன் மாதிரி கீச்சிடும். அதைக் கேட்டுக் கட்சிக்காரர்கள் கூடுதலாக அழுதார்கள். நானும் வயதாகிவிட்டது என்று நின்றுவிட்டேன். வீட்டில் படுத்தால் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் காதுக்குள் வெறுமை. டாக்டர் மாத்திரை கொடுத்தார், நாட்டு வைத்தியர் தலைக்கு எண்ணெய் கொடுத்தார், முப்பிடாதி திட்டுக் கொடுத்தாள். கேள்விப்பட்ட வக்கீல் ஐயா, மூலையில் கிடந்த அந்தக் கரண்டு மெஷினை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார். “பச்சைப் பிள்ளையத் தூக்கிட்டு வாரது மாதிரி என்னத்தவே தூக்கிட்டு வாரீரு?” என்று முப்பிடாதி வாசலை மறித்தாள். சுவிட்சைப் போட்டேன், எங்கள் வீட்டு விளக்கு மங்கிப் பக்கத்து வீட்டு விளக்கு சிமிட்டியது, அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே அதன் பக்கத்தில் அவரைக்காய் உரிக்க உட்கார்ந்தாள். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் நான் அடிப்பேன். என்ன அடிக்கிறேன் என்று கேட்கக் கூடாது. அதில் இருப்பது இங்கிலீஷ் எழுத்து. நான் படித்திருப்பது தமிழ். நான் கஷ்டப்பட்டுக் கற்ற எழுத்தில் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனாலும் சத்தத்துக்கு என்ன குறை?

இனி நீங்கள் பார்க்காத அந்த நாள். மதினியும், தம்பி சங்கரும், தம்பியின் தாய்மாமாவும் வந்தார்கள். சித்ராவுக்குத் தம்பியைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அவள் சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் தம்பி வேலைக்குப் போகும் கங்கைகொண்டான் மில் பஸ் ஜங்ஷனில் நிற்கும் நேரம் கடை வாசலில் அவளுக்கு ஏதாவது வேலை இருக்கிறதாம். நல்ல நாள் ஆயிற்றே என்று நான் அன்று காலையில் மெஷினுக்குள் எழுத்துகள் பதித்த பந்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். கை முழுக்க வாடை. சோப்புப் போட்டும் போகவில்லை. அந்தக் கையால்தான் தாய்மாமாவுக்குக் காபி கொடுத்தேன். அவர் டம்ளரை விட்டுவிட்டு என் கையை மோந்தார். முப்பிடாதி அதற்கு முந்தின வாரம் குறுக்குத்துறை ஆற்றுப் படியில் வழுக்கி விழுந்து முழங்கையில் கட்டுப் போட்டிருந்தாள். மதினி, “கையில என்ன?” என்று கேட்டதற்கு, வந்த இடத்தில் நம் கதை எதற்கு என்று, “ஒண்ணுமில்ல, சும்மா வழுக்கிட்டேன்” என்று தலையைக் குனிந்துகொண்டாள். நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். பிறகு மதினியும் தாய்மாமாவும் பைய பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் போய் விசாரித்திருக்கிறார்கள். அது சரியான காரியம். நானாக இருந்தாலும் விசாரிப்பேன். பக்கத்து வீட்டு ஷரீபா பீவி என்மேல் மிகுந்த பிரியம் உள்ளவர்கள். அந்தப் பிரியத்தில் சொன்னதை அவர்களே பிறகு என்னிடம் சந்தோஷமாக ஒப்பித்தார்கள். அப்படியே எழுதுகிறேன்.

“தங்கமான மனுசரு. ஒரு குத்தம் சொல்ல முடியாது. சாயங்காலம் ஆனா அடிப்பாரு, அவ்வளவுதான்.”

“அடிப்பாரா?”

“ஆமா. அடிக்கலன்னா அவருக்கு உறக்கம் வராது. இங்கன எங்களுக்கே நல்லாக் கேக்கும். எம் பேரன் அந்தச் சத்தம் கேட்டாத்தான் கண்ண மூடுவான்.”

“அந்த அம்மா ஒண்ணும் சொல்லாதா?”

“மொதல்ல சண்ட போட்டா. இப்பப் பழகிட்டா. ஒரு நாள் அடிக்கலன்னா, ‘என்ன, மேலுக்குச் சொகமில்லையா, அடிக்கக் காணுமே’ன்னு அவளே கேப்பா.”

“பெத்த பிள்ளை பாத்துக்கிட்டா இருக்கு?”

“அதுதானே எப்படி அடிக்கணும்னு சொல்லிக் குடுத்தது! ‘ரெண்டு விரலால அடிக்காதீங்கப்பா, பத்து விரலும் படணும்’னு பக்கத்துல நிக்கும். ஆனா ஒண்ணு, கரண்டு இருந்தாத்தான் அடிப்பாரு. கரண்டு போச்சுன்னா கையப் பெசைஞ்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு, பாவம்.”

“கரண்டு வச்சா!” என்று வாசலுக்கு வந்ததும் மதினி நெஞ்சில் கை வைத்தார்களாம். அதற்குள் தாய்மாமா, “எக்கா, நீ ஒண்ணு, இது அந்த அடி இல்ல. தண்ணி. கையில பகல்லயே நாறுதே” என்றாராம். மதினி, “அப்ப அவ கையில கட்டு?” என்றார்களாம். தெரு முனைவரை அவர்கள் இருவரும், அடித்துவிட்டு அடிக்கிறானா, அடிப்பதற்காக அடிக்கிறானா என்று பேசிக்கொண்டே போனதைக் கூடப் போன கல்யாணத் தரகர் கேட்டிருக்கிறார். அவர் வந்து, “அண்ணாச்சி, அடிக்கிற வீட்டுல பொண்ணெடுக்க மாட்டாகளாம்” என்று சொல்லித் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

சித்ரா அன்று இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு முகத்தைக் கழுவப் போனாள், வெகு நேரம் கழுவினாள். அதைப் பார்த்து முப்பிடாதி, நான் போய்ச் சரிசெய்கிறேன் என்று கிளம்பினாள். வள்ளியூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு மதினி வந்திருந்தார்கள். இவள் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, “மதினி, நீங்க பயப்படவே வேண்டாம். அவரு அடிக்கது ஒரு சொகம். தாலாட்டு மாதிரி இருக்கும். ஒரு நாள் வாங்க, உங்க முன்னால அடிச்சுக் காட்டச் சொல்லுதேன். நீங்க வேணும்னாலும் ரெண்டு அடி அடிச்சுப் பாருங்க” என்றிருக்கிறாள். மதினி பந்தியில் கை நனைக்காமல் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். ‘மெஷின்’ என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அவளுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் அடிப்பது என்றால் அது ஒன்றுதான். வேறு அடி இருந்தால்தானே பிரித்துச் சொல்ல வரும்?

ஆகையால் அண்ணாச்சி, நான் அடிப்பது டைப். குடிப்பது காபி. கையில் இருந்தது ஸ்பிரிட். முழங்கையை உடைத்தது குறுக்குத்துறைப் பாசி. இதில் ஒன்று பொய் என்றாலும் நீங்கள் சம்பந்தத்தை விட்டுவிடலாம். இவ்வளவு சொல்லியும் மனம் தேறாவிட்டால், அந்த மெஷினே வீட்டில் இருக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பாளையங்கோட்டையில் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருப்பவர் ஒருவர் வருகிற புதன்கிழமை வந்து எடுத்துப் போவார். தூக்கம் வராவிட்டால் நான் விழித்துக்கொண்டு இருந்துவிடுகிறேன். எழுத்துத் தெரியும், ஏதாவது வாசிப்பேன். சித்ரா முகம் கழுவுவதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. மதினியிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் இருக்க நெல்லையப்பரையும் காந்திமதியம்மையையும் கும்பிட்டுக்கொள்கிறேன். தம்பி சங்கருக்கு என் ஆசிகள். தாய்மாமாவுக்கு வணக்கம். காபி நன்றாக இருந்ததா என்று கேட்கவும்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்
சங்கிலிபூதத்தான்

பி.கு.: கடிதத்தை மடிப்பதற்குள் காரியம் வேறு மாதிரி ஆகிவிட்டது. இன்று செவ்வாய்க்கிழமை. நாளை மெஷின் போகிறதே என்று சாயங்காலம் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் மதினி. சொல்லாமல் கொள்ளாமல் ராதாபுரத்திலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்திருக்கிறார்கள், கையும் களவுமாகப் பிடிக்க. சத்தத்தைத் தெருவிலேயே கேட்டுக் குடையை ஓங்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். முப்பிடாதி அவரைக்காய் உரித்துக்கொண்டு, “வாங்க மதினி, இந்தா அடிக்காரு பாருங்க” என்றாள். மதினி மெஷினைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், குடையைப் பைய இறக்கினார்கள். “நீங்க அடிங்க” என்று நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் மதினிக்குத் தலை சாய்ந்துவிட்டது. விளக்கு வைத்தபிறகுதான் எழுந்தார்கள். “இப்படித் தூங்கி எத்தனையோ வருசமாச்சு. எங்க வீட்டுல அவுக குறட்டை தெருவக் கூட்டும்” என்றார்கள். இதை உங்களுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதிவிட்டேன். கல்யாணத்தைத் தை மாதம் வைத்துக்கொள்ளலாமாம். நகை நட்டு ஒன்றும் வேண்டாமாம், அந்த மெஷினை மட்டும் சீர்வரிசையாகக் கொடுத்துவிட வேண்டுமாம். சித்ரா உள்ளே நின்று கேட்டுச் சிரித்தாள், அவளுக்குச் சம்மதம். எனக்கும் முப்பிடாதிக்கும் பெண்ணைக் கொடுப்பதில் பரிபூரண சம்மதம். இன்ஸ்டிட்யூட்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆகையால் மெஷினை விட்டுவிடுவதாக மேலே எழுதியதை எழுதாததாக எடுத்துக்கொள்ளவும். சீர் விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். எங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கலந்துகொண்டு பதில் எழுதுகிறேன். நான் மெதுவாகத்தான் எழுதுவேன் என்பது உங்களுக்குத் தெரியும்.