இருபுறமும் இரண்டு நட்சத்திரம்

மனிதகுலம் அடைந்த விடுதலைகளைப் பட்டியலிட்டால், எங்கள் குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் வலைப்பூ எச்.டி.எம்.எல் என்னும் கணினிக் குறிமொழியிலிருந்து விடுபட்ட நாளுக்கு முதலிடம் தரவேண்டும். வலைப்பூப் பொறுப்பாளன் என்ற முறையில் அந்தப் புரட்சியை அருகிலிருந்து பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது.

அதற்கு முன் இருந்தது இருண்ட காலம். ஒரு சொல்லைக் கொட்டை எழுத்தில் காட்ட, முன்னால் ஒரு குறியைத் திறந்து, பின்னால் மறக்காமல் மூடவேண்டும். ஒருமுறை நான் மூட மறந்ததில், வலைப்பூ ஒரு மாதம் கொட்டை எழுத்திலேயே கத்திக்கொண்டிருந்தது. பிறகு எங்கள் மேலாளர் ஒரு பயிற்சிக்குப் போய், 'மார்க்டவுன்' என்னும் எளிய முறையோடு திரும்பினார். சொல்லுக்கு இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறி போட்டால் போதும், சொல் தடித்துவிடும்.

"நேரமும் மிச்சம், மூளையும் மிச்சம்," என்றார். மூளையை மிச்சம் பிடிப்பதில் எங்கள் அலுவலகத்துக்கு முன்அனுபவம் உண்டு.

மிச்சமான நேரத்தை வீணாக்கலாமா? மேலாளர், பொறியாளர், மக்கள் தொடர்பு அதிகாரி, நான் என நான்கு பேர் கொண்ட 'எளிமைக் குழு' அமைத்தோம். அதன் ஆறாவது கூட்டத்தில், காலை பத்து மணிக்கு, தண்ணீர்ப் பரிசோதனைக்கூட அக்கா ஒரு தாளுடன் நுழைந்தார்.

"தம்பி, பெரிய குழாயில சாக்கடை கலந்திருக்கு. தண்ணியக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி உடனே போடுங்க."

"ஒரு நிமிஷ வேலைதான் அக்கா," என்றேன்.

மேலாளர் தாளை வாங்கிக்கொண்டார். "இதுல எந்தச் சொல்லைக் கொட்டை எழுத்தாக்கணும்?"

"எல்லாமே முக்கியந்தான் சார்."

"எல்லாமே தடிச்சா எதுவுமே தடிப்பாத் தெரியாதும்மா. உட்காருங்க."

நட்சத்திரத்துக்குப் பதில் அடிக்கோடு போட்டாலும் சொல் தடிக்கும் என்றார் பொறியாளர்.

"ரெண்டும் ஒரே வேலையச் செஞ்சா எதுக்கு ரெண்டு?" என்று கேட்டார் மக்கள் தொடர்பு அதிகாரி அம்மாள்.

"அதுக்குப் பேர்தான் சுதந்திரம்," என்றார் மேலாளர்.

தலைப்பைப் பெரிதாகக் காட்ட அதன் முன்னால் ஒரு ஹேஷ் (#) குறியா, இரண்டா என்ற விவாதம் மதிய உணவையும் விழுங்கியது. பேசிப் பேசித் தொண்டை வறண்டது. குழாயில் பிடித்து வைத்த தண்ணீர் ஜாடி மூன்று முறை காலியானது.

அக்கா எப்போது எழுந்து போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, தெருத்தெருவாகச் சொல்லிவிட்டாராம். தலைப்பு இல்லாமல் அறிவித்ததற்காக அவரிடம் விளக்கக் கடிதம் கேட்கப்பட்டது.

மாலை ஐந்து மணிக்கு எங்கள் பதிவு வெளியானது. ஒரு நட்சத்திரம்கூடப் பிசகவில்லை.

மறுநாள் ஊரில் ஒருவருக்கும் வயிற்றுக்கோளாறு இல்லை, எளிமைக் குழுவைத் தவிர. ஆஸ்பத்திரியில் நால்வரும் ட்ரிப்ஸோடு படுத்திருந்தோம்.

"தண்ணியக் காய்ச்சிக் குடிக்கணும்னு உங்களுக்குத் தகவல் வரலையா?" என்று கேட்டார் டாக்டர்.

"அதை வெளியிட்டதே நாங்கதான்," என்றார் மேலாளர், படுத்தபடியே கம்பீரமாக.

"அப்புறம் ஏன் குடிச்சீங்க?"

மேலாளர் என்னைப் பார்த்தார். பொறுப்பாளன் நான்தானே.

"நாள் பூரா அதைக் கொட்டை எழுத்தாக்கிட்டு இருந்தோம் டாக்டர்," என்றேன். "படிக்க நேரம் கிடைக்கல."